கோளரங்கத்துக்கு மாணவர்களை அழைத்துப் போவது எப்படி: தேதி குறிப்பதிலிருந்து அடுத்த வார வகுப்பு வரை

கோளரங்கச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் ஆசிரியர்கள் பலர் முதலில் பேருந்துக்குச் சொல்லிவைக்கிறார்கள். அடுத்து பெற்றோரிடம் பணம் வாங்குகிறார்கள். காட்சிக்கான முன்பதிவு கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் வேண்டிய காட்சி நிரம்பிவிடுகிறது. கிடைத்த நேரத்தில், கிடைத்த காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாகிறது.

அருங்காட்சியகத்துக்கு அரை மணி தாமதமாகப் போனால் அரை மணி குறைவாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். கோளரங்கத்தில் கதவு குறித்த நேரத்தில் மூடும், விளக்கு அணையும். அதன்பின் வருபவரை உள்ளே விடுவது பெரும்பாலும் கிடையாது. அந்த இருட்டு நேரத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் வருகின்றன.

1. எந்த வகுப்பு, எந்தக் கேள்வி என்று முடிவு செய்யுங்கள்

ஒரு பயணத்துக்கு ஒரு வகுப்பு, அல்லது அடுத்தடுத்த இரண்டு வகுப்புகள் போதும். மூன்றாம் வகுப்புக் குழந்தையும் ஒன்பதாம் வகுப்பு மாணவியும் ஒரே காட்சியைப் பார்த்தால் ஒருவருக்குப் புரியாது, இன்னொருவருக்குப் போதாது. பேருந்தில் இடம் இருக்கிறதே என்று ஆட்களைச் சேர்ப்பதுதான் முதல் சறுக்கல்.

பிறகு ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது? விண்மீன்கள் ஏன் இரவில் இடம் மாறுகின்றன? கோளையும் விண்மீனையும் எப்படிப் பிரித்து அறிவது? 'வானியலில் ஆர்வம் ஊட்டுதல்' என்று எழுதினால் எந்தக் காட்சியைக் கேட்பது என்று உங்களுக்கே தெரியாது. கேள்வி தெளிவாக இருந்தால் காட்சி தானாக முடிவாகிவிடும்.

காட்சிகள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, முன்பே தயாரித்த படம். தலைக்கு மேலே அரைக்கோளத் திரையாக அமைந்த குவிமாடம் முழுக்க ஓடும். இன்னொன்று, விளக்குநர் ஒருவர் இயக்குமேடையில் அமர்ந்து அன்றைய வானத்தைக் காட்டி நேரில் பேசுவது. இரண்டும் கலந்தும் நடக்கும். தேர்வு உங்கள் கையில் இருந்தால் நேரடி விளக்கத்தைக் கேளுங்கள். படம் குழந்தைகளின் கேள்விக்காக நிற்காது. விளக்குநர் நிறுத்துவார், திரும்பவும் காட்டுவார்.

ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இருட்டும் இடிபோன்ற ஒலியும் கடினம். அவர்களுக்கென்று தனியாக, குறுகிய, வெளிச்சம் கூடிய காட்சி இருந்தால் மட்டும் அழைத்துப் போங்கள்.

2. தேதியை நிலாவைப் பார்த்துக் குறியுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. ஆனால் பயணத்தின் பலனில் பாதி இதில்தான் இருக்கிறது.

குவிமாடத்தில் பார்த்ததை அன்று மாலையே நிஜ வானத்தில் பார்த்தால்தான் அது குழந்தையின் மனதில் நிலைக்கும். எனவே அமாவாசை கழிந்த 3-ஆம் நாளிலிருந்து 6-ஆம் நாளுக்குள் பயணத்தை வையுங்கள். அந்த நாட்களில் வளர்பிறை, சூரியன் மறைந்ததும் மேற்குப் பக்கத்து வானில் தெரியும். குழந்தைகள் தூக்கம் கெட்டு விழித்திருக்க வேண்டியதில்லை. இரவு உணவுக்கு முன் வாசலில் நின்றே பார்த்துவிடலாம்.

நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக மறைகிறது. அதாவது, அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், சூரியன் மறைந்தபின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அது வானில் இருக்கும். மறுநாள் அதே நேரத்தில் பார்த்தால் சுமார் 12 டிகிரி கிழக்கே தள்ளியிருக்கும், கொஞ்சம் தடித்தும் இருக்கும். இரண்டு மூன்று மாலைகளில் குழந்தையே இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடும்.

பௌர்ணமி கழிந்த வாரத்தைத் தவிர்க்கவும். நிலா நேரம் கழித்து உதிக்கும். சின்னப் பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா தெரியும், ஆனால் அதன் வெளிச்சத்தில் மங்கலான விண்மீன்கள் மறைந்துவிடும்.

மழைக்காலமும் சரிவராது. குவிமாடத்துக்குள் மேகம் கிடையாது, காட்சி நடக்கும். ஆனால் அன்றைய மாலைப் பார்வை போய்விடும். நாட்காட்டியைப் பார்த்து, அடுத்தடுத்த இரண்டு மாதங்களில் மாதத்துக்கு ஒரு தேதியாக இரண்டைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே கோளரங்கத்தைக் கூப்பிடுங்கள்.

3. முன்பதிவு: போனில் கேட்க வேண்டியவை

குழுப் பதிவுக்குப் பெரும்பாலான கோளரங்கங்கள் பள்ளியின் லெட்டர்பேடில் தலைமை ஆசிரியரின் கையெழுத்துடன் கடிதம் கேட்கும். கடிதத்தை அனுப்பும் முன் ஒருமுறை போனில் பேசிவிடுங்கள். இணையதளத்தில் போட்ட நேரமும் நடப்பில் உள்ள நேரமும் எல்லாச் சமயமும் ஒன்றாக இருப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டா, கருவி பராமரிப்புக்காக அந்த வாரம் மூடுகிறார்களா என்பதும் போனில்தான் தெரியும்.

காட்சி எந்த மொழியில், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். ஒரே கோளரங்கத்தில் காலை ஒரு மொழி, மதியம் ஒரு மொழி என்று மாறும். மொழி மாறிப் போனால் அழகான படங்களுக்குக் கீழே குழந்தைகள் தூங்குவார்கள்.

மொத்தம் எத்தனை இருக்கைகள், அதே காட்சிக்கு வேறு பள்ளியும் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் எந்தப் பக்கம் உங்களுக்கு என்று அப்போதே பேசிவிடலாம். சக்கர நாற்காலிக்கு இடம் எந்த வரிசையில் என்பதும் முக்கியம். பல அரங்குகளில் அது ஒரே ஒரு வரிசையில், கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்தக் குழந்தையின் நண்பர்களையும் அதே வரிசையில் உட்கார வைக்க முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இன்னும் சில: பை வைக்க இடம் உண்டா, சாப்பிட இடம் உண்டா, பேருந்து எங்கே நிற்கலாம், கழிப்பறை எத்தனை, ஆசிரியர்களுக்குக் கட்டணம் உண்டா, பணமாகக் கட்டுவதா காசோலையா. பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பேசியதைச் சுருக்கமாக எழுதி அவருக்கே அனுப்பி, 'சரி' என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். நுழைவாயிலில் வேறொருவர் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பதில்தான் உதவும்.

நேரடிக் காட்சி என்றால் ஒரு வேண்டுகோளையும் சேர்த்து வையுங்கள்: முதலில் நம் ஊர் வானம், அப்புறம் நிலநடுக்கோட்டு வானம், கடைசியாக வட துருவ வானம். நிலநடுக்கோட்டில் விண்மீன்கள் அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுந்து செங்குத்தாக இறங்கும். துருவத்தில் அவை உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. தலையைச் சுற்றி வட்டமடிக்கும். பூமி உருண்டை, அது சுழல்கிறது என்ற இரண்டையும் இதைவிடத் தெளிவாகக் காட்ட வகுப்பறையில் வழியில்லை. பல விளக்குநர்கள் இப்படிக் கேட்டால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். கேட்காவிட்டால் வழக்கமான காட்சிதான் ஓடும்.

4. தூரம் அதிகமென்றால் நடமாடும் கோளரங்கம்

போக வர ஆறு மணி நேரம் ஆகுமென்றால், காற்றடைத்து நிறுத்தும் கூடாரக் கோளரங்கத்தைப் பள்ளிக்கே வரவழைப்பது நல்லது. களைத்துப்போன குழந்தை இருட்டில் தூங்கத்தான் செய்யும்.

இதற்குச் சமதளத் தரையும், உயரமான கூரையும், பக்கத்திலேயே மின் இணைப்பும் கொண்ட கூடம் வேண்டும். கூரையின் உயரத்தை அளந்து, கொண்டுவருபவரிடம் முன்பே சொல்லுங்கள். மின்விசிறியும் விட்டமும் இடிப்பதால் திரும்பிப் போக நேர்வது உண்டு. கூடாரத்தை நிறுத்திவைப்பது ஓயாமல் ஓடும் காற்றூதிதான். மின்சாரம் போனால் கூடாரம் மெல்லத் தளர்ந்து இறங்கும். அப்போது எந்தப் பக்கமாக வெளியேறுவது என்று குழந்தைகளுக்கு முதலிலேயே காட்டிவிட வேண்டும். மற்றபடி கீழே சொல்லும் வகுப்பறை ஆயத்தமும் மாலைப் பார்வையும் இதற்கும் அப்படியே பொருந்தும்.

5. பெற்றோருக்குக் கடிதம்

காட்சி உறுதியான பின்பே கடிதம் போக வேண்டும். தேதி மாறி இரண்டாவது கடிதம் போனால், எந்தக் கடிதத்துக்குக் கையெழுத்து வந்தது என்று யாருக்கும் தெரியாத நிலை வரும்.

வழக்கமான விவரங்களோடு மூன்று கேள்விகளைக் கட்டாயம் சேருங்கள். வலிப்பு வந்ததுண்டா? பயணத்தில் அல்லது வேகமாக நகரும் படத்தைப் பார்த்தால் வாந்தி வருமா? இருட்டு என்றால் பயமா? குவிமாடம் முழுக்கப் படம் நகரும்போது இருக்கையே நகர்வதுபோல் உடல் உணரும், சிலருக்குத் தலைசுற்றும். சில காட்சிகளில் பளிச்சிடும் ஒளி வரும். வலிப்பு உள்ள குழந்தைக்கு அது ஆகாது. காட்சியில் அப்படி ஏதேனும் உண்டா என்று கோளரங்கத்திடம் கேட்டு, பெற்றோரிடம் சொல்லி, அவர்கள் முடிவு செய்யட்டும்.

பதில்களை வகுப்பில் வாசிக்காதீர்கள். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையின் பெயர் வெளியே வந்தால் அந்தப் பிள்ளைக்கு அன்று முழுக்கக் கேலிதான். குழுவோடு வரும் பெரியவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கடிதத்தின் கடைசியில், அன்று மாலையும் அதற்கடுத்த இரண்டு மாலையும் பத்து நிமிடம் குழந்தையோடு வெளியே நின்று நிலாவைப் பார்க்கும்படி பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரத்தைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

6. நேரக் கணக்கு, அப்புறம் பேருந்து

காட்சி 11:30 என்று வைத்துக்கொள்வோம். வாசலில் 10:45-க்கு இருக்க வேண்டும். சாலையில் ஒரு மணி நேரம், நெரிசலுக்கு 15 நிமிடம் என்றால் 9:30-க்குப் பேருந்து கிளம்ப வேண்டும். ஏறி, எண்ணி முடிக்க 15 நிமிடம். ஆக 9:15-க்கு எல்லோரும் பள்ளி முற்றத்தில். பெற்றோருக்கு 9 மணி என்று சொல்லுங்கள்.

முக்கால் மணி நேரம் முன்னதாக எதற்கு என்று கேட்பார்கள். கழிப்பறைக்கு. 60 குழந்தைகள், 4 கழிப்பறைகள், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றாலே 22 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இதைச் சுருக்கினால் காட்சி தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் ஒரு கை உயரும். ஒருவர் எழுந்தால் நால்வர் எழுவார்கள். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிச்சம் உள்ளே வந்து எல்லோருடைய கண்ணையும் கெடுக்கும்.

திரும்பும் நேரத்தையும் இப்படியே எழுதிவிடுங்கள்: காட்சி முடிவு, கேள்வி நேரம், சாப்பாடு, கண்காட்சிக் கூடம், பேருந்து ஏறுதல். சாப்பாட்டைக் காட்சிக்குப் பின் வையுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த இருக்கையில் இருட்டில் படுத்தால் பெரியவர்களுக்கே கண் சொக்கும். தலைசுற்றும் குழந்தைகளுக்கு வேறு சங்கடமும் உண்டு. ஆனால் வெறும் வயிறும் கூடாது. வந்து இறங்கியதும் சிறிதாக ஏதாவது கொடுத்துவிடலாம்.

7. குழு பிரிப்பது

எட்டிலிருந்து பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பெரியவர். சிறியவர்கள் என்றால் ஐந்தாறு பேருக்கே ஒருவர் வேண்டும். ஒவ்வொரு பெரியவர் கையிலும் தன் குழுவின் பெயர்ப் பட்டியலும் அவசரத் தொலைபேசி எண்களும் தாளில் இருக்க வேண்டும். போனில் மட்டும் வைத்திருந்தால், உள்ளே போனை அணைத்தபின் அது உதவாது.

எண்ணுவது நான்கு இடங்களில்: பேருந்தில் ஏறியதும், அரங்க வாசலில், அரங்கத்தை விட்டு வெளியே வந்ததும், திரும்பப் பேருந்தில். மொத்தத்தையும் ஒருவரே எண்ணாமல், ஒவ்வொருவரும் தன் பத்துப் பேரை எண்ணி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும். அறுபது தலைகளை ஒருவர் எண்ணும்போது பிள்ளைகள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் வேறாக வரும்.

8. வகுப்பறையில் இரண்டு பாடவேளை

பயணத்துக்கு முந்தைய வாரத்தில் இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். இதைச் செய்த வகுப்பும் செய்யாத வகுப்பும் ஒரே காட்சியில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தால், எது எது என்று ஐந்தாவது நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

முதல் பாடவேளைக்குப் பந்தும் விளக்கும். அறையை இருட்டாக்கி, ஒரு பக்கத்தில் ஒரே ஒரு விளக்கை ஏற்றுங்கள். அதுதான் சூரியன். குழந்தையின் தலை பூமி. கையில் ஒரு வெள்ளைப் பந்து, கையை நீட்டி, தலைக்குச் சற்று மேலே. நின்ற இடத்திலேயே மெதுவாக இடப்பக்கமாகச் சுற்றச் சொல்லுங்கள். விளக்கின் பக்கம் பந்தைப் பிடிக்கும்போது அது இருண்டிருக்கும், அமாவாசை. கொஞ்சம் திரும்பியதும் மெல்லிய பிறை. கால் சுற்றில் பாதி நிலா. விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது முழு நிலா.

பந்தைத் தலை மட்டத்துக்கு இறக்கினால் தலையின் நிழல் அதன் மேல் விழும். யாராவது ஒரு குழந்தை கட்டாயம் இறக்கும். அந்தக் கணத்தில் நிறுத்தி, 'இதுதான் சந்திர கிரகணம்' என்று சொல்லுங்கள். பிறை தெரிவது பூமியின் நிழலால் என்று பல குழந்தைகள், ஏன் பெரியவர்களும், நம்புகிறார்கள். நிழல் விழுவது வேறு, பிறை தெரிவது வேறு என்பது இங்கே கையிலேயே தெரிந்துவிடும். நிலாவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் மாதந்தோறும் கிரகணம் வருவதில்லை என்பதை மேல் வகுப்புகளுக்குச் சேர்த்துச் சொல்லலாம்.

இரண்டாவது பாடவேளையில் கையால் வானத்தை அளக்கப் பழக்குங்கள். கையை முழுதும் நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் சுமார் 1 டிகிரி, மூடிய முஷ்டி சுமார் 10 டிகிரி. சின்னக் குழந்தைக்குக் கை குட்டை, முஷ்டியும் சிறிது; அதனால் கணக்கு ஏறக்குறைய அப்படியே வரும். 'நிலாவை மறைக்க எத்தனை விரல் வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். மூன்று விரல், முழு முஷ்டி என்று பதில் வரும். நிலாவின் அகலம் அரை டிகிரிதான். ஒரு சுண்டுவிரலில் பாதி போதும். அதை அவர்கள் உடனே நம்ப வேண்டியதில்லை. மாலையில் அவர்களே சோதிக்கட்டும்.

திசைகளையும் பழக்குங்கள். பள்ளி முற்றத்தில் நின்று சூரியன் மறையும் பக்கத்தைக் கை நீட்டிக் காட்டத் தெரியாத குழந்தைக்குக் குவிமாடத்தில் 'மேற்கே பாருங்கள்' என்றால் ஒன்றும் விளங்காது.

அப்புறம் இரண்டு நிமிட இருட்டுப் பயிற்சி. ஜன்னல்களை மூடி, விளக்கை அணைத்து, எல்லோரும் பேசாமல் உட்கார வேண்டும். முதல் முறை கூச்சல் இருக்கும். மூன்றாவது முறை அமைதியாகிவிடும். அந்தக் கூச்சல் வகுப்பறையிலேயே தீர்ந்துபோகட்டும் என்பதுதான் நோக்கம். யாருக்கு நிஜமாகவே பயம் என்பதும் உங்களுக்கு இங்கேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு குழந்தையும் ஒரு அட்டையில் தன் கேள்வியை எழுதட்டும். திருத்தாதீர்கள். 'நட்சத்திரத்துக்கு ஐந்து முனை இருக்கிறதா?' என்ற கேள்வி சிறியதல்ல. விளக்குநர் அதிலிருந்து தொடங்கிக் கண், காற்று, ஒளி என்று போக முடியும்.

கோளரங்கக் காட்சியின் காணொலியை மட்டும் முன்கூட்டியே காட்ட வேண்டாம். விளக்குகள் அணைந்து முதன்முறை விண்மீன்கள் நிறையும் கணம் அவர்களுக்கு முழுதாகக் கிடைக்க வேண்டும்.

9. அரங்க வாசலில்

வரிசையில் நிற்கும்போது நான்கு பொருள்களைத் தேடுங்கள்: போன், ஒளிரும் கைக்கடிகாரம், உலோகத் தண்ணீர் பாட்டில், மிதித்தால் மின்னும் ஷூ.

போன் ஒலி மட்டும் அடங்கினால் போதாது. முழுதாக அணைய வேண்டும். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு திரை ஒளிர்ந்தால் பக்கத்திலிருக்கும் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். இந்த விதி பெரியவர்களுக்கும்தான். காட்சியைப் படமெடுக்கப் போனை நீட்டுபவர்கள் பெரும்பாலும் உடன் வந்தவர்களே.

பாட்டிலை ஏன் சொல்கிறேன் என்றால், அரங்கத் தரை பெரும்பாலும் படிப்படியாக இறங்கும். இருட்டில் கைதவறிய ஒரு எவர்சில்வர் பாட்டில் ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டிக் கீழே போய்ச் சேரும் வரை விளக்குநர் பேச முடியாது. பைகளும் பாட்டில்களும் பேருந்திலேயே இருக்கட்டும். மின்னும் ஷூவைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.

10. உள்ளே

இருக்கைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும் அரங்கு என்றால் நடுவிலும் பின்னாலும் உள்ள வரிசைகள் நல்லவை. முன்வரிசையில் கழுத்தை மிகவும் அண்ணாந்து பார்க்க வேண்டும். நடுவில் ஒளிவீழ்த்தி (புரொஜக்டர்) இருந்து இருக்கைகள் அதைச் சுற்றி வட்டமாக அமைந்த அரங்கில் எங்கே உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. நண்பர்களாகப் பார்த்து உட்காரவிட்டால் பத்து நிமிடம் போய்விடும். வாசலிலேயே வரிசைப்படுத்தி, ஒரு வரிசையின் கடைசி இருக்கையிலிருந்து நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

ஒவ்வொரு குழுவின் பெரியவரும் தன் வரிசையின் நடைபாதை ஓரத்தில் உட்கார வேண்டும். பயப்படும் குழந்தையும், தலைசுற்றக்கூடிய குழந்தையும் அவருக்குப் பக்கத்தில். பெரியவர்கள் எல்லோரும் ஒன்றாகப் பின்னால் உட்கார்ந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. இருட்டில் அங்கிருந்து எந்தக் குழந்தையையும் எட்ட முடியாது.

விளக்கு அணையும்போது ஒரு கூச்சல் எழும். விட்டுவிடுங்கள், தானாக அடங்கும். ஆறு ஆசிரியர்கள் சேர்ந்து 'உஷ்' சொல்வது அதைவிடப் பெரிய சத்தம்.

தலைசுற்றுகிறது என்று குழந்தை சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண் மூடியதும் உடல் நகரவில்லை என்பது புலப்பட்டுவிடும். பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் நீங்களாக எழாமல் பணியாளருக்குக் கை காட்டுங்கள். படிகள் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும், மங்கலான டார்ச்சும் அவரிடம் இருக்கும்.

வானம் வேகமாகச் சுழலும் இடத்தில் கவனமாக இருங்கள். ஒரு முழு இரவு ஒரு நிமிடத்தில் ஓடும். நிஜத்தில் வானம் மணிக்கு 15 டிகிரிதான் நகர்கிறது, அதாவது ஒன்றரை முஷ்டி. அன்று மாலை விண்மீன்கள் ஓடவில்லையே என்று ஏமாறும் குழந்தைகள் உண்டு. காட்சிக்குப் பின் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

11. வெளியே வந்ததும்

கதவு திறந்ததும் வெளிச்சம் கண்ணைக் கூசும், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். உட்கார்ந்தபடியே இருந்து, வரிசை வரிசையாக எழச் சொல்லுங்கள். படியில் தடுக்கி விழுவது இந்த இரண்டு நிமிடத்தில்தான்.

கேள்வி நேரம் வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தால் அட்டைகளை விளக்குநரிடம் கொடுங்கள். அவர் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொல்வார். கை தூக்கச் சொன்னால் எப்போதும் பேசும் அதே மூவர்தான் தூக்குவார்கள்; அட்டையில் அமைதியான பிள்ளையின் கேள்விக்கும் இடம் கிடைக்கும்.

கண்காட்சிக் கூடத்துக்கு நீண்ட வினாத்தாள் வேண்டாம். கோடிட்ட இடத்தை நிரப்பும் தாளைக் கொடுத்தால் குழந்தைகள் பலகையில் உள்ள சொல்லைத் தேடுவார்கள், காட்சிப்பொருளைப் பார்க்க மாட்டார்கள். 'உனக்கு ஆச்சரியமாக இருந்த ஒன்றை வரை, ஏன் என்று ஒரு வரி எழுது' என்பது போதும். வெவ்வேறு கோள்களில் உங்கள் எடையைக் காட்டும் தராசு இருந்தால் அங்கே கூட்டம் சேரும். அதற்கு மட்டும் குழுவாரியாக நேரம் ஒதுக்குங்கள்.

12. அன்று மாலையும் அடுத்த வாரமும்

சூரியன் முழுதும் மறைந்த பிறகே பார்க்க வேண்டும் என்று குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அழுத்திச் சொல்லுங்கள். பிறை சூரியன் மறையும் பக்கத்து வானில்தான் இருக்கும்; சூரியனை நேராகப் பார்த்தால் கண் கெடும்.

மூன்று மாலை, ஒரே இடம், ஒரே நேரம். எதிரே உள்ள ஒரு மரத்தையோ கட்டடத்தையோ தாளில் வரைந்து, அதற்கு மேல் நிலா எங்கே, எந்த வடிவில் என்று குறிக்க வேண்டும். நேற்றைய இடத்திலிருந்து எத்தனை முஷ்டி தள்ளியிருக்கிறது என்று அளக்க வேண்டும். பிறையின் ஒளிரும் பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்றும் எழுதட்டும். அது எப்போதும் சூரியன் மறைந்த பக்கம்தான் இருக்கும். பந்தில் பார்த்தது அங்கே வானில் இருக்கும்.

மேகம் மூடினால் அடுத்த தெளிந்த மாலை. ஒரு வாரம் முழுக்க மூடியிருந்தால் அடுத்த மாத வளர்பிறைக்குத் தள்ளிவையுங்கள், கைவிட வேண்டாம்.

வகுப்பில் எல்லாத் தாள்களையும் நாள்வாரியாகச் சுவரில் ஒட்டுங்கள். ஒரே மாலை, முப்பது வீடுகள். வடிவம் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கும், கட்டடங்கள்தான் மாறும். யாராவது ஒரு தாளில் பிறை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அதைத் தவறு என்று அடிக்காமல், பந்தையும் விளக்கையும் மறுபடி எடுத்து, அந்தக் குழந்தையையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பதில் கிடைக்காத அட்டைகளை இந்த வாரத்திலேயே எடுத்துப் பேசிவிடுங்கள். உங்களுக்கும் விடை தெரியாததைக் கோளரங்கத்துக்குக் கடிதமாக எழுதி அனுப்பலாம். குழந்தைகளின் கையெழுத்திலேயே போகட்டும். நேரக் கணக்குத் தாளில், திட்டமிட்ட நேரத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தையும் குறித்து, கோளரங்கத்தில் பேச வேண்டியவரின் பெயரோடு பள்ளிக் கோப்பில் வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு வேறு ஆசிரியர் போனாலும் அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.